உயிரணுவின் ஆற்றலும் நம் உவமைகளும்

அறிவியலைத் தமிழில் சொல்ல இயலுமா என்னும் கேள்விக்கு விடை கிடைத்து நெடுங்காலம் ஆயிற்று. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் கிரீன் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார். அதற்கு வேண்டிய நூல்களையும் தமிழில் ஆக்கினார். சேலத்தில் 1916ஆம் ஆண்டில் இராசாசி முதலியோர் கலைச்சொற்களுக்கென ஒரு சங்கமே கண்டனர். பெ. நா. அப்புசாமி தம் நீண்ட வாழ்நாளை இத்துறைக்கே ஈந்தார். கோவையிலிருந்து 'கலைக்கதிர்' வந்தது. பெரியசாமித் தூரன் பொறுப்பில் கலைக்களஞ்சியம் 1954 முதல் தொகுதி தொகுதியாக வெளிவந்தது. இவ்வளவுக்குப் பின்னும் தமிழில் சொல் இல்லை என்று ஒருவர் கூறுவாராயின், அவர் தேடவில்லை என்பதே பொருள்.

குறை இல்லை என்று இதனால் கொள்ளலாகாது. குறை சொல்லில் இல்லை. சொல்லை விளக்குவதற்கு நாம் எடுத்தாளும் உவமையில் இருக்கிறது. அறிவியல் கட்டுரை எழுதுவோர் உவமையை ஓர் அணியாகவே கருதுகின்றனர். கடினமான பொருளுக்குச் சற்று இனிப்புத் தடவுவதாக எண்ணுகின்றனர். படிக்கும் மாணவனுக்கோ உவமைதான் பொருள். பாடத்தின் மற்ற வரிகளெல்லாம் தேர்வு முடிந்ததும் மறைந்துவிட, உவமை ஒன்றே வாழ்நாள் முழுவதும் நின்றுவிடுகிறது. ஆதலின் அதைத் திறனாய்வு செய்வது வீண் வேலை அன்று.

தாவர உயிரணுவும் விலங்கு உயிரணுவும் தமக்கு வேண்டிய ஆற்றலை எவ்வாறு உண்டாக்கிக்கொள்கின்றன என்னும் பொருளை இக்கட்டுரைக்கு எடுத்துக்கொள்வோம். பள்ளிப் பாடமாயினும், வார இதழ்க் கட்டுரையாயினும், வானொலிப் பேச்சாயினும், இப்பொருளைத் தமிழில் சொல்லும்போது மூன்று படங்களே திரும்பத் திரும்ப வருகின்றன. இலை ஒரு சமையலறை. உயிரணுவுக்குள் ஓர் உலை. இவ்விரண்டையும் சூழ்ந்து ஒரு மூச்சு. செடி சமைக்கிறது, விலங்கு உண்டு எரிக்கிறது, செடி விட்டதை விலங்கு மூச்சில் வாங்க, விலங்கு விட்டதைச் செடி வாங்குகிறது. அழகான படம். இதில் ஒவ்வொன்றிலும் ஒரு துளி உண்மை உண்டு. மூன்றும் சேர்ந்தால் பெரும் பிழையாகிவிடுகிறது.

உவமையை அளக்க நமக்கு அயலார் அளவுகோல் வேண்டியதில்லை. தொல்காப்பியத்து உவமவியல், உவமை தோன்றும் வகைகளை வினை, பயன், மெய், உரு என நான்காக வகுத்தது. செயலால் ஒத்தல், விளைவால் ஒத்தல், வடிவால் ஒத்தல், நிறத்தால் ஒத்தல் என்பன இவை. செய்யுளுக்கு வகுத்த இவ்வளவுகோல் அறிவியல் உரைநடைக்கும் நன்கு பயன்படும். ஒரு பொருள் எவ்வாறு இயங்குகிறது என்று விளக்க வந்த இடத்தில் வினையால் ஒக்கும் உவமை வேண்டும். நம்மவரோ பயனால் ஒக்கும் உவமையைக் கொடுத்து நிறுத்திவிடுகின்றனர். சமையலறையிலிருந்து உணவு வருகிறது, இலையிலிருந்தும் உணவு வருகிறது, ஒப்புமை அவ்வளவே. எவ்வாறு வருகிறது என்பதில் அடுப்புக்கும் இலைக்கும் யாதொரு தொடர்பும் இல்லை.

முதலில் மூச்சை நோக்குவோம். 'சுவாசம்' என்றால் எவருக்கும் நினைவில் எழுவது மூக்கும் மார்பும். மார்பு ஏறி இறங்குகிறது. காற்று உள்ளே போய் வெளியே வருகிறது. ஆனால் உயிரியல் நூலார் இச்சொல்லை மற்றொரு பொருளிலும் ஆள்கின்றனர். உயிரணு தன்னிடமுள்ள சர்க்கரையையும் கொழுப்பையும் படிப்படியாகச் சிதைத்து ஆற்றலைப் பெறும் நிகழ்ச்சியும் சுவாசமே. இதில் மூக்கும் இல்லை, நுரையீரலும் இல்லை. இரு பொருளுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு, இடையில் எச்சரிக்கையும் செய்யாமல் போவதால், 'செடிகள் பகலில் கரியமிலவாயுவை மூச்சாக வாங்கிப் பிராணவாயுவை விடுகின்றன. இரவில் பிராணவாயுவை வாங்கிக் கரியமிலவாயுவை விடுகின்றன' என்னும் வாசகம் பிறந்தது. எத்தனை தலைமுறை இதை மனப்பாடம் செய்தது! இதன்படி செடிக்குப் பகலில் ஒருவகை மூச்சு, இரவில் வேறு வகை மூச்சு. உண்மையோ, செடியின் உயிருள்ள அணு ஒவ்வொன்றும் இரவும் பகலும் இடையறாது சுவாசிக்கிறது. பகலில் ஒளியின் துணையால் நடைபெறும் மற்றொரு வேலை அதைவிடப் பன்மடங்கு மிகுதியாதலால், வெளியிலிருந்து பார்க்கும்போது சுவாசம் தெரிவதில்லை. வருவாய் மிகுந்த வீட்டில் செலவு கண்ணுக்குத் தெரியாதது போல.

புளியமரத்தடியில் இரவில் உறங்கலாகாது என்னும் பழைய சொல்லுக்கு இவ்வாசகம் அறிவியல் சான்றாகக் காட்டப்படுவதையும் பலர் கேட்டிருக்கலாம். திறந்த வெளியில் வீசும் காற்றில் மரம் விடும் கரியமிலவாயு கலந்து போய்விடும். அதே அறையில் பக்கத்துப் பாயில் உறங்கும் மனிதர் விடும் கரியமிலவாயுவைக் கண்டு நாம் அஞ்சுவதில்லை. மரத்தை மட்டும் அஞ்சுகிறோம். முன்னோர் சொல்லுக்கு வேறு காரணம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இது காரணம் அன்று.

இலை சுவாசிக்கிறது என்பதைப் பாடநூல் தெளிவாகச் சொல்லாவிட்டாலும், கேமரன் மலையில் கொழுந்து பறித்தவர்கள் அனைவரும் அறிவர். பறித்த கொழுந்தைச் சாக்கில் அழுத்தித் திணித்து வெயிலில் போட்டுவிட்டால் என்ன ஆகும்? சற்று நேரத்தில் நடுவில் கையை விட்டால் சூடு தெரியும். பின்னர் இலை சிவந்து போகும். தொழிற்சாலையில் அந்த இலைக்கு மதிப்பில்லை. கொழுந்தின் வெப்பம் 35 பாகையைத் தாண்ட விடலாகாது என்று தேயிலை நூலார் எச்சரிக்கின்றனர். சாக்குக்குள் அடுப்பு இல்லை. வெயில் மட்டுமே காரணம் என்றால் நிழலில் வைத்த சாக்கு சூடாகக் கூடாது. ஆனால் அதுவும் சூடாகிறது. பறிக்கப்பட்ட பின்னும் கொழுந்தின் உயிரணுக்கள் உயிருடனேயே இருக்கின்றன. தம்மிடமுள்ள சர்க்கரையைச் சிதைத்துக்கொண்டே இருக்கின்றன. அதில் வெளிப்படும் வெப்பம் சாக்கை விட்டு வெளியேற வழியின்றித் தேங்குகிறது. தொழிற்சாலையில் வாட்டும் தட்டிலும் இது தொடர்கிறது. நீர் போனதால் மட்டும் அன்று, சுவாசத்தில் செலவானதாலும் இலையின் எடை குறைகிறது. இன்று கையால் பறிப்பது அருகிவிட்டது. கத்தரியும் இயந்திரமும் வந்துவிட்டன. பறிப்பவரும் பெரும்பாலும் பிற நாட்டிலிருந்து வந்தவராகிவிட்டனர். சாக்கின் சூடு மட்டும் மாறவில்லை.

திரிங்காப்பில் தேயிலையைவிடக் காய்கறித் தோட்டமே மிகுதி. அங்கும் இதே பாடம் காத்திருக்கிறது. வெட்டிய முட்டைக்கோசை நெருக்கமாக அடுக்கிக் காற்றுப் புகாமல் மூடிக் கீழ்நாட்டுச் சந்தைக்கு அனுப்பினால், லாரியின் நடுவில் இருப்பது முதலில் கெடும். குளிர்ந்த இடத்தில் வைத்தால் பல நாள் தாங்கும். வெப்பநிலை 10 பாகை உயர்ந்தால் சுவாசத்தின் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது பொதுவான கணக்கு. வாடுவதைத் தடுக்கவே குளிர்ச்சி என்று நாம் எண்ணுகிறோம். அது பாதி விடைதான். மற்றப் பாதி, கோசு தன்னையே உண்டு தீர்ப்பதைத் தாமதப்படுத்துவதாகும்.

இவற்றைவிட வியப்பான சான்று தாமரை. நம் புலவர் தாமரையைப் பாடாத நாளில்லை. எனினும் அதன் உடற்சூட்டை அளந்தவர் ஆஸ்திரேலியாவிலிருந்த ஆராய்ச்சியாளர். 1996ஆம் ஆண்டில் ரோஜர் சீமூரும் உடனாளியும் வெளியிட்ட ஆய்வின்படி, பூக்கும் காலத்தில் சுற்றியுள்ள காற்று 10 பாகைக்கு இறங்கினாலும் தாமரைப்பூ தன் வெப்பத்தை 30 பாகைக்கு மேலேயே நிறுத்திக்கொள்கிறது. குளிர் மிகும்போது மிகுதியாகச் சுவாசித்து, குளிர் குறையும்போது சுவாசத்தைக் குறைத்து, குருவியும் எலியும் செய்வதைப் பூ செய்கிறது. செடி ஆக்கும், விலங்கு எரிக்கும் என்ற பாகுபாட்டுக்குத் தாமரை ஒன்றே போதிய மறுப்பு. நம் பாடநூல்களில் இது இடம் பெறாமைக்கு ஒரு காரணமும் தோன்றவில்லை.

அடுத்து, சமையலறை. இலை உணவு சமைக்கிறது என்பதைச் சொன்னவுடன், யாருக்கு என்ற கேள்வி எழ வேண்டும். நம் கட்டுரைகளில் அது எழுவதே இல்லை. நமக்காகவும் ஆடு மாடுகளுக்காகவும் என்பது போல வாசகம் ஓடிவிடுகிறது. செடி தனக்காகவே சமைக்கிறது; தானே உண்கிறது; மிஞ்சியதைச் சேர்த்து வைக்கிறது. சேர்த்து வைத்ததை எங்கே பார்ப்பது என்றால், கவ்வாத்துக் காலத்தில் பார்க்கலாம். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டினால் இலை முழுவதும் போய்விடும். இலையில்லாச் செடி மீண்டும் துளிர்க்க வேண்டிய ஆற்றல் வேரில் மாவுப்பொருளாகக் கிடக்கிறது. வேரைக் குறுக்கே வெட்டி அயோடின் கரைசலைத் தடவினால், மாவு மிகுந்த வேர் கருநீலமாகும். வெறுமையான வேர் நிறம் மாறாது. நிறம் மாறாத வேருள்ள செடியை வெட்டினால் அது பட்டுப்போக நேரும். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் வெட்டுவதற்கு முன் இச்சோதனை செய்வது வழக்கம்.

அங்குள்ள பட்டறிவு இன்னும் ஒன்றைச் சொல்லும். உயர்ந்த மலையிலுள்ள செடியின் வேரில் மாவு மிகுதி. தாழ்நிலத்துச் செடியில் குறைவு. தாழ்நிலத்தில் வெயிலுக்குக் குறைவில்லையே, பின் ஏன் சேமிப்புக் குறைகிறது? வெப்பம் மிகுந்த இரவுகளில் செடியின் சுவாசமும் மிகுதியாகிச் சேமிப்பைத் தின்றுவிடுகிறது. ஆகவேதான் தாழ்நிலத்தில் செடியை முழுவதும் மொட்டையடிக்காமல் ஓரத்தில் இலையுள்ள சில கிளைகளை விட்டு வெட்டுகின்றனர். அக்கிளைகளுக்கு ஆங்கிலத் துரைமார் வைத்த பெயர் என்ன தெரியுமா? 'நுரையீரல்'! செடிக்கு உணவு ஊட்டுவதற்காக விடப்பட்ட கிளைக்கு மூச்சு உறுப்பின் பெயரை வைத்தனர். இக்குழப்பம் தமிழருக்கு மட்டும் உரியதன்று என்பதில் நமக்குச் சிறிது ஆறுதல்.

சமையலறைப் படம் மற்றொரு பிழையையும் சுமந்து திரிகிறது. இலை கரியமிலவாயுவைப் பிராணவாயுவாக 'மாற்றுகிறது' என்று எழுதுகிறார்கள். அழுக்கு நீரை வடிகட்டித் தூய நீராக்குவது போன்ற எண்ணம் இது. 1941ஆம் ஆண்டில் அமெரிக்காவில் சாம் ரூபனும் மார்ட்டின் காமனும், எடை மிகுந்த பிராணவாயு அணுக்களை அடையாளமாக வைத்துச் சோதித்து, இலை வெளிவிடும் பிராணவாயு நீரிலிருந்தே வருகிறது, கரியமிலவாயுவிலிருந்து அன்று என்று காட்டினர். ஒளி முதலில் செய்யும் வேலை நீரைப் பிளப்பது. இதை 80 ஆண்டுகளுக்குப் பின்னும் 'மாற்றுகிறது' என்றே எழுதிக்கொண்டிருப்பது சோம்பலன்றி வேறில்லை.

இனி உலைக்கு வருவோம். இவ்வுவமையே மூன்றிலும் கடுமையாக ஆராயத்தக்கது. இதன் தொடக்கம் மதிப்புக்குரியது. 1780களில் பிரான்சில் லவாசியேயும் லாப்லாசும் ஒரு கினிப்பன்றியைப் பனிக்கட்டி சூழ்ந்த கலத்தில் வைத்து, அது விட்ட கரியமிலவாயுவையும் உருகிய பனியையும் அளந்து, சுவாசம் ஒருவகை மெதுவான எரிதல் என்று கண்டனர். உயிரைப் பற்றிய மாயப் பேச்சுக்கெல்லாம் அது முற்றுப்புள்ளி வைத்தது. ஆனால் எரிதல் என்னும் உவமை வெப்பத்தை விளக்கும், வேலையை விளக்காது. நீராவிப் பொறி வேலை செய்வது எவ்வாறு? ஒருபுறம் மிகு வெப்பம், மறுபுறம் குறை வெப்பம். இவ்வேறுபாட்டால்தான் பொறி ஓடும். உயிரணுவுக்குள் எங்கும் ஏறத்தாழ ஒரே வெப்பம். வெப்ப வேறுபாடு இல்லாத இடத்தில் வெப்பப்பொறி ஓடாது. ஆகவே சர்க்கரை 'எரிந்து' ஆற்றல் தருகிறது என்று எழுதி முடிக்கும் ஆசிரியர், விளக்க வேண்டிய இடத்தில் நிறுத்திவிட்டார் என்றே சொல்ல வேண்டும்.

உயிரணு செலவிடும் ஆற்றல் வெப்பமாக அன்று, 'ஏ.டி.பி.' எனச் சுருக்கி வழங்கும் ஒரு பொருளாகப் புழங்குகிறது. இதை 1929ஆம் ஆண்டில் ஜெர்மனியில் கார்ல் லோமானும், அமெரிக்காவில் ஹார்வர்டில் சைரஸ் பிஸ்க், எல்லாப்பிரகட சுப்பாராவ் ஆகிய இருவரும் தனித்தனியே கண்டறிந்து வெளியிட்டனர். சுப்பாராவ் ஆந்திர நாட்டுப் பீமவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர், 1948இல் காலமானார். சென்னையில் படித்த ஒருவரின் பெயர் இவ்வளவு அடிப்படையான பொருளோடு இணைந்திருந்தும், அதைத் தமிழ்ப் பாடங்களில் காண்பது அரிது. (ஜே. ஏ. ரஸ்ஸல் கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியதும் அதே 1929இல்தான். இது தற்செயலே, ஆயினும் இம்மலைப் பிள்ளைகளுக்கு ஆண்டை நினைவில் வைக்க உதவும்.) ஏ.டி.பி. நம் உடலில் ஒரு நேரத்தில் இருப்பது மிகச் சிறிதளவே. ஆனால் ஒரு நாளில் அது சிதைந்து மீண்டும் உருவாகும் மொத்த அளவு ஏறக்குறைய ஆளின் உடல் எடைக்கு ஈடாகும். சேமிப்புப் பெட்டியில் கிடக்கும் பொன் அன்று அது. கைமாறிக்கொண்டே இருக்கும் சில்லறை.

அச்சில்லறையை அடிப்பது எப்படி? இங்கேதான் உலை கைவிட வேண்டிய உவமை ஆகிறது. 1961ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பீட்டர் மிட்செல் ஒரு கருத்தை வெளியிட்டார். உயிரணுவினுள் இருக்கும் இழைமணி என்னும் நுண்ணுறுப்பில் ஒரு மெல்லிய சவ்வு உண்டு. உணவிலிருந்து பிரிந்த மின்னணுக்கள் அச்சவ்வின் வழியே படிப்படியாக இறங்கிப் பிராணவாயுவைச் சென்றடைகின்றன. அவ்வாறு இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், நீரக அயனிகளைச் சவ்வின் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்கு இறைக்கிறது. ஒரு பக்கம் அயனிகள் தேங்குகின்றன. தேங்கியவை திரும்பி வரத் துடிக்கின்றன. வழி ஒன்றே ஒன்று. அவ்வழியில் ஏ.டி.பி. உருவாகிறது. இவ்வளவே அவர் கூறியது. பல ஆண்டுகள் இதை நம்பியவர் சிலரே. 1978இல் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது.

மேலே சொன்னதில் நெருப்பு எங்கே இருக்கிறது? இது அணைக்கட்டு. இதற்கு உவமை தேட மலையை விட்டு இறங்க வேண்டியதில்லை. திரிங்காப்பிலிருந்து வடக்கே போனால் குவாலா தெர்லா. அங்கே தெலோம் ஆற்று நீரில் ஓடும் சிறிய மின்நிலையம் உண்டு. கம்போங் ராஜாவில் மற்றொன்று. தெலோம் நீர் சுரங்கத்தின் வழியே பெர்த்தாம் பக்கம் திருப்பப்பட்டு, ஹாபு நிலையத்தைச் சுழற்றி, ரிங்லெட் நீர்த்தேக்கத்தில் தேங்கி, மீண்டும் சுரங்கம் புகுந்து பேராக் பக்கம் விழுந்து பெரிய உருளைகளைச் சுழற்றுகிறது. 1960களில் அமைந்த திட்டம் இது. உயரத்தில் தேங்கிய நீர், ஒரே வழி, வழியில் ஒரு சக்கரம். உயிரணுவின் வேலையும் இம்முறையினதே. தொல்காப்பியத்தின் சொல்லால் கூறினால் உலை பயனுவமம், அணை வினையுவமம்.

சக்கரம் என்றதும் உவமையை மிகைப்படுத்துவதாக எண்ண வேண்டா. அயனிகள் திரும்பும் வழியிலுள்ள புரதம் உண்மையாகவே சுழல்கிறது. பால் பாயர் அதன் இயக்கத்தைக் கருத்தால் கண்டார். ஜான் வாக்கர் குழுவினர் 1994இல் அதன் வடிவைக் காட்டினர். இருவரும் 1997இல் நோபல் பரிசு பெற்றனர். அதே 1997இல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர் அதன் அச்சில் ஒளிரும் நுண்ணிழை ஒன்றைப் பிணைத்து, அது சுழல்வதை நுண்ணோக்கியில் கண்ணாரக் கண்டனர். ஒரு சுற்றுக்கு மூன்று ஏ.டி.பி. சவ்வின் இரு பக்கத்துக்கும் இடையே உள்ள மின்னழுத்தம் 0.15 வோல்ட் அளவே. சிறிது என்று தள்ளலாகாது; சவ்வின் தடிப்பு மில்லிமீட்டரில் ஏறத்தாழ 2 இலட்சத்தில் ஒரு பங்கு. அவ்விகிதத்தை ஒரு மீட்டருக்கு விரித்தால் 3 கோடி வோல்ட் ஆகும்.

இனி நம் பொருளுக்கு உயிர்நாடியான செய்தி. இதே சக்கரம் இலையின் பசுங்கணிகத்திலும் இருக்கிறது. அங்கே அயனிகளை இறைக்கும் ஆற்றல் ஒளியிலிருந்து வருகிறது. இழைமணியில் உணவிலிருந்து வருகிறது. இறைப்பது எதுவாயினும், திரும்பி விழுவதும் சுழல்வதும் ஒன்றே. 1966இல் ஆண்ட்ரே ஜாகெண்டார்ப் செய்த சோதனை இதை ஐயமற நிறுவியது. பசலைக்கீரை இனத்து இலையின் பசுங்கணிகங்களை இருட்டில் அமிலக் கரைசலில் ஊறவைத்தார். பின்னர் சட்டெனக் காரக் கரைசலுக்கு மாற்றினார். ஒளி ஒரு துளியும் இல்லை, எனினும் ஏ.டி.பி. உண்டாயிற்று. உள்ளும் புறமும் அயனி வேறுபாடு இருந்தது, அதுவே போதுமானதாயிற்று. மழை பெய்து நிரம்பிய அணையாயினும், குழாய் வைத்து நிரப்பிய அணையாயினும் சக்கரத்துக்கு ஒன்றுதானே! சமையலறை என்றும் உலை என்றும் தாவரத்தையும் விலங்கையும் இரு வேறு உலகமாகப் பிரித்த படங்கள் மறைத்தது இவ்வொற்றுமையைத்தான். அதிலும், தாவரத்தின் உயிரணுவில் இரண்டும் உண்டு. ஒளியால் சுழல்வதும் உணவால் சுழல்வதும். விலங்குக்கு ஒன்றே.

அணை உவமைக்குக் குறையே இல்லையா? உண்டு. நீர் தன் எடையால் விழுகிறது. அயனியோ செறிவு வேறுபாட்டாலும் மின் வேறுபாட்டாலும் தள்ளப்படுகிறது. மலை அணையை மழை நிரப்புகிறது. சவ்வின் அணையை ஓயாமல் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும், நின்றால் சில நொடிகளில் வற்றிவிடும். அன்றியும், அணை என்றாலே இம்மலை மக்களுக்கு 2013 அக்டோபரில் சுல்தான் அபு பக்கார் அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டு பெர்த்தாம் பள்ளத்தாக்கில் உயிர்கள் மாண்டது நினைவுக்கு வரும். வகுப்பறையில் இதைச் சொல்லும் ஆசிரியர் அதையும் மனத்தில் கொள்ள வேண்டும். ஆயினும் ஓர் ஒப்புமை இங்கும் தப்பவில்லை. சக்கரத்தைச் சுற்றாமல் நீரை வெறுமனே வழியவிடும் மதகு உயிரணுவிலும் உண்டு. பிறந்த குழந்தையின் பழுப்புநிறக் கொழுப்பில் அயனிகள் சக்கரத்தின் வழியே போகாமல் வேறு வழியே கசிந்து வெப்பமாகின்றன; குழந்தை குளிரில் விறைக்காமல் இருப்பதற்கு அது ஒரு காரணம். குறை காட்டினும் பயன் தரும் உவமையை நல்ல உவமை எனலாம்.

சொற்களைப் பற்றிச் சிறிது. தமிழ்நாட்டார் 'செல்' என்பதை இலங்கையார் 'கலம்' என்பர். மலேசியாவில் நாம் 'உயிரணு' என்கிறோம். அங்கே 'ஒளிச்சேர்க்கை', இங்கும் அதுவே, இலங்கையில் 'ஒளித்தொகுப்பு'. இவற்றைக் கொண்டு சண்டையிட வேண்டுவதில்லை. எதைச் சொன்னாலும் பொருள் விளங்கும். ஆனால் ஒரு சொல்லில் மட்டும் இலங்கையாரைப் பின்பற்றுவது நலம். 1898இல் ஜெர்மானியராகிய கார்ல் பெண்டா அந்நுண்ணுறுப்புக்குக் கிரேக்கச் சொற்களால் பெயரிட்டார். நூல், மணி என்பன அச்சொற்களின் பொருள். நுண்ணோக்கியில் அது நூல்போலவும் மணிபோலவும் தோன்றியதே காரணம். 'மைட்டோகாண்ட்ரியா' என்று எழுதினால் தமிழ் மாணவனுக்கு அது வெறும் ஒலி. 'இழைமணி' என்றால் வடிவம் கண்முன் நிற்கிறது. மெய்யால் அமைந்த பெயர். 'பச்சையம்' உருவால் அமைந்தது போல. இக்கட்டுரையில் அச்சொல்லையே ஆண்டுள்ளேன். மார்பு செய்வதை 'மூச்சு' என்றும், உயிரணு செய்வதை மட்டும் 'சுவாசம்' என்றும் பிரித்து வழங்கினால், முன்னே காட்டிய குழப்பத்தில் பாதி தீரும். இதற்குப் புதுச்சொல் ஒன்றும் ஆக்க வேண்டியதில்லை.

தேயிலைத் தொழிலில் வழங்கும் 'நொதித்தல்' பற்றியும் ஒரு சொல். உருட்டிய இலை செம்பு நிறமாவதை நொதித்தல் என்றே எழுதுகின்றனர். மாவு புளிப்பதிலும் கள் பொங்குவதிலும் நுண்ணுயிர்கள் பிராணவாயுவின் துணையின்றியே ஆற்றல் பெறுகின்றன; அது நொதித்தல். தேயிலையில் நடப்பதோ, நசுங்கிய உயிரணுவின் நொதி, காற்றின் பிராணவாயுவைக் கொண்டு இலையின் துவர்ப்புப் பொருள்களை மாற்றுவது. அசாமில் ஹெரால்டு மான் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இலையின் நொதியைப் பற்றி விரிவாக எழுதிவிட்டார். தொழிற்சாலையில் பழக்கச் சொல் இருந்துவிட்டுப் போகட்டும். பாடநூலில் இவ்விரண்டையும் ஒன்றாக்கலாகாது.

இவ்வளவும் ஏன் இன்று சொல்ல வேண்டும்? 2003 முதல் மலேசியப் பள்ளிகளில், தமிழ்ப் பள்ளிகளிலும்கூட, அறிவியலும் கணக்கும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டன. 2009இல் அக்கொள்கையைக் கைவிடும் முடிவு அறிவிக்கப்பட்டது. 2016இல் இருமொழித் திட்டம் வந்தது; அதன் மீதான வாதம் ஓயவில்லை. தமிழில் கற்பிக்க வேண்டும் என்போர் கூறும் காரணம், தாய்மொழியில் பொருள் எளிதாக விளங்கும் என்பது. அக்காரணம் மெய்யாக வேண்டுமானால், தமிழ்ப் பாடம் ஆங்கிலப் பாடத்தின் சமையலறையையும் உலையையும் அப்படியே பெயர்த்து வைத்தால் போதாது. கொழுந்துச் சாக்கின் சூடும், கருநீலமாகும் வேரும், குவாலா தெர்லாவின் சக்கரமும் தமிழ்ப் பாடத்தில் இருந்தால்தான், அதைத் தமிழில் படித்ததற்கு ஒரு பொருள் உண்டு. ஆங்கிலத்தில் படிப்போர் இதை நம்மிடமிருந்து பெயர்த்துக்கொள்ளட்டுமே.

கடைசியாக ஒரு சிறு திருத்தம். ஒரு சர்க்கரை மூலக்கூற்றிலிருந்து 36 அல்லது 38 ஏ.டி.பி. கிடைக்கும் என்று பழைய நூல்கள் அச்சிட்டுவந்தன. மின்னணு இணை ஒவ்வொன்றுக்கும் முழு எண்ணாகவே ஏ.டி.பி. கிடைக்கும் என்று எண்ணிய காலத்துக் கணக்கு அது. அணையில் கசிவும் உண்டு, அயனிகளில் சில வேறு வேலைக்கும் செலவாகும் என்று தெரிந்த பின் அது 30 முதல் 32 என்று குறைந்துவிட்டது. இன்னமும் 38 என்று எழுதினால்தான் மதிப்பெண் என்று வைத்திருக்கும் வினாத்தாள்கள் வழக்கில் உள்ளன. மாற்ற வேண்டியது ஓர் எண் மட்டுமே. அடுத்த பதிப்பில் அச்சுக் கோப்பவருக்கு அரை நிமிட வேலை.